ஆபத்துக்கு அழைக்க வேண்டியவர்

சங்குமுனையில் ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள யாரும் கதவைத் தட்டுவதில்லை, வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணிக்கொண்டு போய்விடுவார்கள்; ஆறு ஜோடி கிடந்தால் விருந்து, இருபது ஜோடி கிடந்தால் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள், வாசல் நிறைந்து தெருவரைக்கும் கிடந்தால் துக்கம். ஐஸ் கம்பெனிக்குப் போகிற வழியில், பச்சைக் கேட் போட்ட ஜெனோவாவின் வீட்டு வாசலில் மட்டும் நாலு வருஷமாக ஒரே ஒரு ஜோடிதான் கிடந்தது. அது ஜெனோவாவுடையது.

அவள் அம்மா இறந்த அன்று அந்த வாசலிலும் தெருமுனை வரைக்கும் செருப்பு கிடந்ததுதான். சென்னையிலிருந்து பதினேழு வருஷத்துக்குப் பிறகு பெட்டியோடு வந்திறங்கியவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரும், "எதுன்னாலும் ஒரு வார்த்தை கூப்பிடும்மா" என்று சொன்னார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் செருப்புகளெல்லாம் அவரவர் கால்களில் ஏறிப் போய்விட்டன. ஒருமுறை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது அவள் மூன்று பேருக்குப் போன் போட்டாள். ஒருவர் கல்யாண வீட்டில் இருந்தார், ஒருவர் போனை எடுக்கவில்லை, மூன்றாமவர் கசாயம் வைத்துக் குடிக்கச் சொன்னார். கசாயம் வைக்கத்தான் ஆள் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் சரி என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஒன்று விளங்கியது: இந்த ஊரில் அது சும்மா சொல்லுகிற வார்த்தை, 'போயிட்டு வாரேன்' என்கிற மாதிரி. பிறகு அவளும் அதைச் சொல்லப் பழகிக்கொண்டாள், பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில், யாரிடம் பேச்சை முடிக்க வேண்டுமானாலும்.

வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிக் கொடுப்பது அவள் பிழைப்பு. கடற்கரை ஊர் என்பதால் சங்குமுனையில் ஒரு புயல் காப்பு அலுவலகம் இருந்தது. அதன் கணினி வேலைகளும் அவளிடம்தான் வரும். இரண்டு வருஷம் முன்னால் அந்த அலுவலகம் ஊரில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தது. அதில் இரண்டே கட்டம்: உங்கள் பெயர், ஆபத்துக்கு அழைக்க வேண்டியவர் பெயர். ஒருவரைத்தான் எழுத வேண்டும். ஊரே ஒரு வாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது. ஜெனோவா மட்டும் அதை நாலாய் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏழு மாதம் நடந்தாள், கடைசி நாளில் கடைசி ஆளாகப் போய், இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டு நீட்டினாள். அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இன்னாசி அதைத் திருப்பிக் கொடுத்தான்.

"காலியா விட்டா மிஷின் எடுக்காதுக்கா. யாரையாவது எழுதுங்க."

அவள் தன் பெயரையே எழுதினாள். இன்னாசி அதைப் படித்தான், நல்ல பையன், ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திவிட்டான்.

இப்போது இதெல்லாம் தொடங்கிய செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மிஷின் வந்திருந்தது, புயல் வந்தால் தானாகவே போன் போடுகிற மிஷின். ஆனால் அதற்கு விவரத்தைத் தலைகீழாகக் கொடுக்க வேண்டும்: இன்னாருக்கு இன்னாரைக் கூப்பிடு என்றிருப்பதை, இன்னாரைக் கூப்பிட்டால் அது இன்னாருக்காக என்று மாற்ற வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள் இந்த மாதிரி விவரத்தை மேப் என்பார்கள். பெயர் எழுதி ஒட்டிய பெட்டிகளின் அடுக்கு அது. பெட்டியின் மேலே இருக்கும் பெயர் சாவி, உள்ளே கிடக்கும் சீட்டு மதிப்பு. சாவியைச் சொன்னால் மதிப்பு கையில் வரும். மேப்பை வரிசையாக்கலாம், கணமாக்கலாம், சாவியை மதிப்பாகவும் மதிப்பைச் சாவியாகவும் புரட்டிப் போடலாம். எல்லாம் நாலு வரி வேலை, ஜெனோவா தூக்கத்திலும் செய்வாள்.

அவள் மாற்றிக் கொடுத்தால் ஊரில் ஏதாவது மாறும் என்பதும் பழகிப்போன சங்கதிதான். போன வருஷம் தெருநாய்க் கணக்கெடுப்பை அவள் கணமாக மாற்றினாள், கணம் என்பது ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். மறுநாள் படகுத் துறையில் திரிந்த இரண்டு செவலை நாய்களும் ஒரே நாயாகிவிட்டன, அது இரண்டு நாய்ச் சோறு தின்றது, மீன்காரிகள் இரண்டு பங்கு போட்டார்கள், பேச்சு அதோடு முடிந்தது.

செவ்வாய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெனோவா பொத்தானை அழுத்தினாள், மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் புரண்டு விழுந்தன. சரிபார்க்கிற சாக்கில் அவள் ஒரு காரியம் செய்தாள். தன் பெயரைச் சாவியாகக் கொடுத்துத் தேடினாள். இத்தனை பேரில் யாராவது ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாமல் யாரிடமோ சொல்லி எழுதியவராவது, ஆபத்தென்றால் ஜெனோவாவைக் கூப்பிடு என்று எழுதியிருக்க மாட்டார்களா என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அதை ஆசை என்று அவளே ஒத்துக்கொள்ளவில்லை. திரையில் ஒரு பெயர் வந்தது. ஜெனோவா என்றிருந்தது. அவள் கணினியை மூடிவிட்டு, எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

மறுநாள் காலை சங்குமுனையில் முக்கால்வாசிப் பேருடைய செருப்பு அவரவர் வாசலில் இல்லை.

ஊர் வெறுங்காலோடு தேடிப் புறப்பட்டது. ஏழு மணிக்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது: யார் யாரை எழுதினார்களோ அவர் வீட்டு வாசலில் அவர்கள் செருப்பு. பாதிக்கு மேல் துறை மணலில் கிடந்தன, அது ஏன் என்று மட்டும் பிடிபடவில்லை. எடுத்து வந்து உள்ளே வைத்துப் பூட்டினாலும் அடுத்த நாள் விடிகிறபோது திரும்ப அங்கேதான் கிடந்தது. வலைக்காரர் ரொசாரியின் டயர் செருப்பு, ஒன்பது வருஷமாக அவர் முகம் பார்த்துப் பேசாத சேசையா வீட்டு வாசலில் கிடந்தது. ரொசாரியின் மனைவி, தன்னை எழுதாமல் பகையாளியை எழுதினவருக்கு அங்கேயே போய்க் காப்பி குடிக்கத் தெரியாதா என்று கேட்டுப் பால் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். ரொசாரி தினமும் விடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு போவார், எடுத்துக்கொண்டு திரும்புவார், ஒரு பேச்சும் கிடையாது. மூன்றாம் நாள் தூறல் விழுந்தபோது மட்டும் அந்தச் செருப்பு நனையாமல் கூரைக்கு அடியில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதை யார் தள்ளி வைத்தது என்று அவரும் கேட்கவில்லை, சேசையாவும் சொல்லவில்லை.

ஏழு விசைப்படகுக்கு முதலாளியான கஸ்பார், ஊரில் பாதிப் பேர் தன்னைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்று பூசை முடிந்து சொல்லிக்கொண்டே போகிறவர், அவர் வாசல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அன்று மாலையே டவுனுக்கு ஆள் அனுப்பி எட்டு ஜோடி செருப்பு வாங்கி வந்து, பெரியதும் சின்னதுமாகக் கலைத்துப் போட்டுவைத்தார். விலைச் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டார். ஊர் அதைப் பார்த்தது, பார்க்காத மாதிரி போனது, டீக்கடையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தது. இரண்டே நாளில் ஊர் இதற்கும் ஒரு வழக்கம் உண்டாக்கிக்கொண்டது: செருப்பெடுக்கப் போனால் ஒரு வாய்க் காப்பி குடித்துவிட்டு வர வேண்டும், காப்பி கொடுக்காமல் செருப்பைக் கொடுப்பது மரியாதை இல்லை. சர்ச்சில் சாமியார் பூசை நேரத்தை அரைமணி தள்ளி வைத்தார். பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு வருகிற பிள்ளைகளை ஒன்றும் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது.

ஜெனோவாவின் செருப்பு மட்டும் எங்கும் போகவில்லை. அவள் வாசலில், அவள் கழற்றிப் போட்ட இடத்திலேயே கிடந்தது. அதன் அர்த்தம் இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. செருப்புகள் இடம் மாறியதற்குக் காரணம் அவள்தான் என்பதும் தெரியும், ஆனால் திட்டுவதற்குக்கூட ஒருவரும் கேட்டைத் திறக்கவில்லை. ஐஸ் கம்பெனிக்குப் போகிறவர்கள் கேட்டுக்கு நேரே வந்ததும் வாசலைப் பார்ப்பார்கள், உடனே எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வார்கள். மேலத்தெரு அக்கா ஒருத்தி மட்டும் நடந்தபடியே, "ஏம்மா, எங்கள எழுதியிருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். அந்தப் பார்வைகளைவிட இந்த ஒரு கேள்விதான் ஜெனோவாவைக் குத்தியது.

வியாழக்கிழமை காலை நர்ஸ் தஸ்நேவிஸ் வந்தாள். ஊரில் முப்பது வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள், பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவள், அன்றைக்குக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஜெனோவா, என் வாசல்ல ஒத்த ஜோடிதான் கெடக்கு. அதும் ஊருக்குப் புதுசா வந்த ஒரு லாரி டிரைவர் பய செருப்பு. நாப்பது பேரு என்ட்ட வந்து சத்தியம் பண்ணுதாவ, யக்கா, ஒங்களத்தான் எழுதினோம்னு. அப்ப அவ்வளவு பேரும் பொய்யா சொல்லுதாவ? கீழத்தெருவுல மூணு பெத்தவ ஒருத்தி அழுதுக்கிட்டு நிக்கா, கடக்குட்டி செருப்பு மட்டும் வாசல்ல கெடக்காம், மத்த ரெண்டும் துறை மணல்ல கெடக்காம். பெத்த தாய எழுதாம பிள்ளைய வேற யார எழுதும்?"

ஜெனோவாவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரோகிராம் எழுதப் பழகுகிற பிள்ளைகள் முதல் வருஷம் செய்கிற தப்பு அது, இருபது வருஷம் எழுதினவள் செய்துவிட்டாள். மேப்பில் ஒரு பெட்டிக்கு ஒரு சீட்டுதான். புரட்டிப் போடும்போது நர்ஸ் பெயர் போட்ட பெட்டியில் முதல் ஆளின் சீட்டு விழும், இரண்டாவது ஆளின் சீட்டு விழுந்ததும் முதல் சீட்டு வெளியே போய்விடும், இப்படியே நாற்பது பேரும் விழுந்து நாற்பது பேரும் போய், கடைசியாக எழுதியவன் மட்டும் மிஞ்சுவான். பெட்டிக்குள் ஒரு சீட்டைப் போடாமல் ஒரு பட்டியலைப் போட்டிருக்க வேண்டும், வருகிற பெயரையெல்லாம் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்க வேண்டும். ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான்.

"சரி பண்ணிரலாம்க்கா," என்றாள்.

ஆனால் அன்று அவள் சரி பண்ணவில்லை. வெள்ளிக்கிழமையும் பண்ணவில்லை. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் நடந்ததைச் சொல்லத்தானே வேண்டும். அந்த இரண்டு நாளும் ஜெனோவா ஊரைச் சுற்றி நடந்தாள், கஸ்பார் வாங்கிப் போட்டதைத் தவிர எந்த வாசலிலும் ஆளுக்கு ஒரு ஜோடிக்கு மேல் இல்லை, நர்ஸ் வாசலும் அவள் வாசலும் ஒன்று போல இருந்தன, நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் இந்த ஊரில் எல்லாரையும் போல இருந்தாள். சரி பண்ணினால் ஒவ்வொரு வாசலும் நிறைந்துவிடும், அவளுடையது மட்டும் அப்படியே கிடக்கும். அதைத் தாங்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது, மூன்று பெற்றவள் அழுவது தெரிந்தும் தோன்றியது.

சனிக்கிழமை காலை அவள் துறைக்குப் போனாள். இடம் கிடைக்காத செருப்புகளெல்லாம் அங்கேதான் விடியும், இரண்டாயிரத்துச் சொச்சம் ஜோடி, ரப்பர் செருப்பும் தோல் செருப்பும் பிள்ளைகளின் பூட்ஸுமாக, அலை வந்து தொடுகிற தூரத்தில். ஜனங்கள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரையொருவர் அதிகம் பார்த்துக்கொள்ளாமல். ஐஸ் கம்பெனிச் சட்டை போட்ட ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, நீல ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. கைகள் ஐஸ் உடைத்து உடைத்து வெளுத்துப் போயிருந்தன. எங்கேயோ பார்த்த முகம், எங்கே என்று ஜெனோவாவுக்கு நினைவு வரவில்லை.

"ஒங்களுதும் இங்கதான் கெடக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இல்ல. என்னோடது வீட்டு வாசல்லயே இருக்கு." சொல்லிவிட்டு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள். "நீங்க யாரை எழுதினிய?"

"எழுதினேன் ஒருத்தர." அந்தப் பெண் செருப்பைக் கீழே போட்டு ஒரு காலை நுழைத்தாள். ஜெனோவாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அடுத்த காலையும் நுழைத்தாள். "அங்க எடம் இல்ல போலுக்கு. பரவால்ல."

சங்கு ஊதிவிட்டது, அவள் ஐஸ் கம்பெனிப் பக்கம் நடந்து போனாள். 'பரவால்ல' என்பதை அவள் சொன்ன விதம் ஜெனோவாவுக்கு நன்றாகத் தெரிந்ததாக இருந்தது. கசாயம் வைத்துக் குடிக்கச் சொன்னவரிடம் அவள் 'சரி' என்று சொன்னதும் அதே குரலில்தான். அவள் வீட்டுக்குப் போய், முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். பொத்தானை அழுத்தினாள். தன் பெயரைத் தேடிப் பார்க்கவில்லை. ஒருமுறை பார்த்ததே போதும் என்று மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரில் எழுந்த சத்தத்தை அவள் உள்ளே இருந்தே கேட்டாள். நர்ஸ் வீட்டு வாசலில் நாற்பத்து மூன்று ஜோடி என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். நர்ஸ் நாற்பத்து மூன்று காப்பிக்குப் பால் இல்லாமல் தெருத்தெருவாகச் செம்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள் என்றும், கஸ்பார் முதலாளி வாசலில் எட்டுப் புதுச் செருப்புக்கு நடுவே யாரோ இரக்கப்பட்டுக் கையாலேயே கொண்டுவந்து போட்ட பழைய செருப்பு ஒரு ஜோடி கிடந்ததைப் பார்த்து அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்றும் பிறகு சொன்னார்கள். எங்கேயும் இடம் கிடைக்காமல் போனவர்கள் என்று இனி ஒருவரும் இல்லை. ஜெனோவா ஜன்னலைச் சாத்தினாள். அவளுக்கு அழுகையாக வந்தது, ஊருக்காகச் சந்தோஷப்படுகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டு அழுதாள்.

ஒன்பது மணி இருக்கும், பச்சைக் கேட் கிறீச்சிட்டது. நாலு வருஷமாகத் தான் திறந்தால் மட்டுமே கேட்கிற சத்தம். அவள் கதவைத் திறந்தாள்.

வாசலில் இரண்டு ஜோடி கிடந்தது. அவளுடைய பழுப்புச் செருப்பு, அதை ஒட்டி நீல ரப்பர் செருப்பு, வாரில் ஊக்கு. கேட்டுக்கு உள்ளே, இரவு வேலையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த ஐஸ் கம்பெனிச் சட்டையோடு அந்தப் பெண் வெறுங்காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் மிக்கேலம்மா. செருப்பு எடுக்க வந்தேன்."

ஜெனோவாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தன்னுடைய பெட்டியில் முதலில் விழுந்தது இவள் சீட்டு. ஏழு மாதம் கழித்துக் கடைசி ஆளாகப் போய்த் தன் பெயரையே எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டை வெளியே தள்ளியது தானேதான்.

"என்னையா எழுதினிய? என்னைய எப்பிடித் தெரியும்?"

"நீங்கதான சொன்னிய. மூணு வருசத்துக்கு முன்ன, பெரியாஸ்பத்திரில மாத்திர சீட்டுக்கு நிக்கச்சில. நமக்குன்னு யாரும் கெடையாதுன்னு நான் பேச்சோட பேச்சா சொன்னேன். எதுன்னாலும் கூப்பிடுங்கன்னு நீங்க சொன்னிய. பேரும் சொன்னிய." மிக்கேலம்மாள் சங்கடத்தோடு சிரித்தாள். "எழுதலாம்தானன்னு எழுதினேன். தப்புன்னா அழிச்சிரச் சொல்லுதேன்."

பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது. சொன்னது அவளுக்கு ஞாபகம்கூட இல்லை. அதை ஒருத்தி மூன்று வருஷம் வைத்திருந்திருக்கிறாள். ஜெனோவாவுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன, எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

"பிறகு ஏன் ஒரு தடவகூடக் கூப்பிடல?"

"ஒண்ணும் வரலியே இன்னும்," என்றாள் மிக்கேலம்மாள்.

அன்று ஜெனோவா வீட்டில் இரண்டு டம்ளர் காப்பி போட்டாள். இரண்டாவது டம்ளரை அலமாரியின் அடியிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. மறுநாள் புயல் காப்பு அலுவலகத்துக்குப் போய் ஒரு புதுப் படிவம் கேட்டாள். ஊரெல்லாம் படிவம் மாற்ற வந்து வரிசையில் நின்றது, சிலருக்குக் கோபம், சிலருக்கு வெட்கம். இன்னாசி அவளுடைய தாளை வாங்கி இரண்டாவது கட்டத்தைப் படித்தான், இந்தத் தடவையும் ஒன்றும் கேட்கவில்லை, முத்திரையை மட்டும் கொஞ்சம் ஓங்கிக் குத்தினான்.

மாறிய படிவங்களை அன்று மாலையே ஜெனோவா கணினியில் ஏற்றியிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அவள் கதவைத் திறந்தபோது வாசலில் நீலச் செருப்பு மட்டும் கிடந்தது. அவளுடையதைக் காணவில்லை. அவள் நீலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, பச்சைக் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் மிக்கேலம்மாள் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பார்த்து நடந்தாள். எதிரில் வந்தவர்கள் அவள் காலைப் பார்த்தார்கள், இந்தத் தடவை யாரும் பார்வையைத் திருப்பவில்லை. பூவரசு மரத்துத் திருப்பத்தில் மிக்கேலம்மாள் வந்துகொண்டிருந்தாள், அவளும் வெறுங்கால்தான், கையில் பழுப்புச் செருப்பைப் பிடித்திருந்தாள். வெயில் ஏறித் தார் சுட ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் மர நிழலில் ஒதுங்கி நின்று பேச ஆரம்பித்தார்கள், கையில் இருந்ததை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு வெகு நேரம் இரண்டு பேருக்குமே வரவில்லை.